பெட்டியைத் திறக்கலாம், பயம் வேண்டாம்!

மிக்ஸி திடீரென்று நின்றுபோனால் நாம் என்ன செய்கிறோம்? உடனே புது மிக்ஸி வாங்க ஓடுவதில்லை. பிளக் சரியாகச் செருகியிருக்கிறதா, ஜார் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். கவிழ்த்து, அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை ஒரு தரம் அமுக்கிப் பார்க்கிறோம். குக்கரில் ஆவி பக்கவாட்டில் சீறினால் கேஸ்கெட்டைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போடுகிறோம். இதையெல்லாம் யாரும் நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை. கைப்பழக்கந்தான்.

ஆனால் வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டி மட்டும் விதிவிலக்கு! அது மக்கர் செய்தால், "அவர் வரட்டும்", "தம்பி லீவில் வரும்போது பார்த்துக்கலாம்" என்று துணியைப் போட்டு மூடி வைத்துவிடுகிறோம். இல்லாவிட்டால் கடையில் கொண்டுபோய்ப் போட்டு, அவர்கள் சொல்கிற தொகையைக் கொடுத்து வாங்கி வருகிறோம். இது அவசியந்தானா சகோதரிகளே?

நான் இருப்பது ஓசூரில். எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் விஷயம் புரியும். ரோஜாப் பூவும் ராகிக் களியுமாக இருந்த ஊர் இது. சிப்காட் வந்த பிறகு தொழிற்சாலை ஊராகிவிட்டது. டி.வி.எஸ். 50 மொபெட் 1980-ல் இங்கேயிருந்துதான் வெளியே வந்தது. டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் ஆரம்பித்த டைட்டன் நிறுவனம், கைக்கடிகாரத் தொழிற்சாலையை இங்கேதான் வைத்தது. இப்போது செல்போன் பாகங்கள் செய்கிற இடங்களும் வந்துவிட்டன. காலையில் ஷிப்டு பஸ்களைப் பார்த்தால் பாதிக்குமேல் பெண்கள். கடுகைவிடச் சின்னச் சாமான்களைக் கூடப் பிசகாமல் பொருத்துகிறவர்கள் நம் வீட்டுப் பெண்கள். அப்படியிருக்க, உள்ளங்கை அகலம் இருக்கிற ஒரு கார்டைக் கம்ப்யூட்டரில் செருக நமக்கு என்ன தயக்கம்?

எனக்கு அந்தத் தயக்கம் போனது ஒரு மே மாதத்து இடி மழையில்.

இடி விழுந்த ராத்திரி

எங்கள் பக்கம் கோடையில் மாங்காய் திரளும் சமயத்தில் சாயங்காலம் இடியோடு மழை கொட்டும். அன்றைக்கும் அப்படித்தான். எங்கோ பக்கத்தில் இடி இறங்கியது. மறுநாள் கம்ப்யூட்டர் என்னவோ நன்றாக ஓடியது. நெட் மட்டும் வரவில்லை.

நெட் இல்லாவிட்டால் என்ன, டி.வி. பார்க்கலாமே என்று சொல்கிற ஸ்திதியில் நான் இல்லை. இரண்டு சின்ன லேத் பட்டறைகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதித் தருகிறேன். பில் ஏற்றுவது, ஜி.எஸ்.டி. தாக்கல் செய்வது எல்லாம் என் பொறுப்பு. இரண்டு பட்டறைக்கும் சேர்த்து மாதம் ஆறாயிரம் ரூபாய். அத்தையின் சர்க்கரை மாத்திரையும் மகளின் டியூஷன் பீஸும் அதிலிருந்துதான் போகிறது. மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு 20-ந் தேதி கெடு. தாண்டினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். பணத்தைவிட, "அந்தம்மா கிட்ட கொடுத்தா சரியா முடியாது" என்ற பெயர் வந்துவிட்டால்? வேலையே போய்விடும். அன்றைக்குத் தேதி 16.

பெட்டியை ஒரு கடைக்கு எடுத்துப் போனோம். பார்த்துவிட்டு, "மதர்போர்டு போச்சும்மா. இது பழைய மாடல். போர்டை மாத்தினா பிராசசர், ராம் எல்லாம் சேர்த்து மாத்தணும். பதினாலாயிரம் ஆகும்" என்றார்கள். என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன். "யோசிச்சுச் சொல்றோம்" என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

எங்கள் மாடியில் ஒரு பெண் குடியிருக்கிறாள். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. அவளிடம் சொன்னேன். "அக்கா, கம்ப்யூட்டர் ஓடுதில்ல? படம் வருது, சத்தம் வருது. நெட் ஒயர் சொருகுற ஓட்டை மட்டும் செத்திருக்கும். அதுக்கு ஒரு லேன் கார்டு போட்டா தீர்ந்தது" என்றாள்.

அவள் சொன்ன சோதனைகளை வரிசையாகச் செய்தேன். நெட் ஒயரை எடுத்து நாத்தனார் மகனின் லேப்டாப்பில் செருகினால் நெட் வந்தது. ஆகவே ஒயரிலும் ரவுட்டரிலும் கோளாறு இல்லை. அதே ஒயரை எங்கள் பெட்டியில் செருகினால், துளைக்குப் பக்கத்தில் மினுக்க வேண்டிய சின்ன விளக்கு எரியவே இல்லை. அந்தத் துளை மட்டுந்தான் போயிருந்தது. கடையில் சொன்னதும் பொய்யென்று சொல்ல மாட்டேன். அந்தத் துளை மதர்போர்டோடு ஒட்டியே வருவதால், அதையே திரும்ப உயிர்ப்பிக்க வேண்டுமென்றால் போர்டில்தான் கை வைக்க வேண்டும். ஆனால் கதவு பழுதானால் வீட்டையா இடிப்போம்? பக்கத்தில் இன்னொரு கதவு வைத்துக்கொள்ளலாமே!

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

மதர்போர்டு என்றால் தாய்ப்பலகை. பெயரே பொருத்தமாக இருக்கிறது பாருங்கள், வீட்டில் அம்மா மாதிரி எல்லாரையும் அதுதான் தாங்குகிறது! அந்தப் பலகையில் நீளமும் குட்டையுமாகச் சில பள்ளங்கள் இருக்கும். அவைதான் ஸ்லாட். பின்னால் ஏதாவது புதிதாகத் தேவைப்பட்டால் ஒரு கார்டை வாங்கி அதில் செருகிக்கொள்ளட்டும் என்று விட்டு வைத்த காலி இடம் அது.

1981-ல் ஐ.பி.எம். கம்பெனி தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரை விற்றபோது அதில் இப்படி ஐந்து ஸ்லாட்டுகள் இருந்தன. அந்தக் காலத்தில் திரையில் எழுத்து தெரிவதற்கே தனியாக ஒரு கார்டு போட வேண்டும். பிளாப்பியைப் படிக்க இன்னொன்று. நாளாக ஆக, சத்தம், படம், நெட் எல்லாம் கூட்டுக் குடும்பமாகத் தாய்ப்பலகையிலேயே குடியேறிவிட்டன. ஆனாலும் ஸ்லாட்டை யாரும் எடுத்துவிடவில்லை. அதனால்தான், குடும்பத்தில் ஒருவர் படுத்துக்கொண்டால் அவர் வேலையைச் செய்ய வெளியிலிருந்து ஓர் ஆளைக் கொண்டுவந்து உட்கார வைக்க முடிகிறது.

ஸ்லாட்டின் ஜாதியும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 1992-ல் பி.சி.ஐ. வந்தது, பெரும்பாலும் வெள்ளை நிறத்தில் இருக்கும். 2003-ல் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வந்தது. இப்போதைய கம்ப்யூட்டர்களில் இருப்பது இதுதான். இதில் இரண்டு அளவுகள் அதிகம் கண்ணில் படும். குட்டை ஸ்லாட் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். நெட் கார்டு, வைஃபை கார்டு, சவுண்டு கார்டு எல்லாம் இதில் போகும். நீள ஸ்லாட் சுமார் ஒன்பது சென்டிமீட்டர். இது படத்துக்கான கிராபிக்ஸ் கார்டுக்கு. சின்னக் கார்டைப் பெரிய ஸ்லாட்டில் போட்டாலும் வேலை செய்யும். பெரிய கார்டு குட்டை ஸ்லாட்டில் நுழையாது. சின்ன மூடி பெரிய பாத்திரத்துக்குள் இறங்கும், பெரிய மூடி சின்னப் பாத்திரத்துக்குள் இறங்குமா? அந்தக் கணக்குதான். ஆனால் பழைய வெள்ளை பி.சி.ஐ. கார்டும் எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டும் சேரவே சேராது. ஆகவே கடைக்குப் போகுமுன் பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி ஒல்லியான ரகமா, அகலமான ரகமா என்றும் பாருங்கள். ஒல்லிப் பெட்டிக்குக் கார்டின் பின்பக்கத் தகடும் குட்டையாக இருக்க வேண்டும். சில கார்டுகளோடு இரண்டு அளவுத் தகடும் சேர்த்தே கொடுக்கிறார்கள், கேட்டு வாங்குங்கள்.

நானும் நாத்தனாரும் மறுநாள் காலை பெங்களூர் பஸ் ஏறினோம். ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, அது கர்நாடகம். மார்க்கெட்டில் இறங்கி விசாரித்துக்கொண்டு எஸ்.பி. ரோட்டுக்கு நடந்தோம். கம்ப்யூட்டர் சாமான்களுக்கென்றே பெயர்போன தெரு அது. நமக்குக் காய்கறி மார்க்கெட் எப்படியோ அப்படி, கடைக்குக் கடை கார்டும் ஒயருமாகக் கொட்டிக் கிடக்கிறது. "ஏனு பேக்கு மேடம்?" என்றார் ஒருவர். போனிலிருந்த படத்தைக் காட்டி, "இந்தக் குட்டை ஸ்லாட்டுக்கு லேன் கார்டு" என்றேன். மூன்று கடை விசாரித்து, அறுநூற்றைம்பது ரூபாய்க்கு ரசீதோடு ஒன்று வாங்கினோம். பதினாலாயிரம் எங்கே, அறுநூற்றைம்பது எங்கே!

செருகும் முறை

வீட்டுக்கு வந்து வேலையை ஆரம்பித்தபோது அத்தை பதறிவிட்டார். "ஏம்மா, ஷாக் அடிச்சா என்ன பண்றது? அவன் வரட்டுமே!" என்றார். அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகச் செய்தேன். உங்களுக்கும் அதே வரிசையில் சொல்கிறேன்.

முதலில் கம்ப்யூட்டரை முறைப்படி அணைத்து, சுவர் சுவிட்சையும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மற்ற ஒயர்களையும் எடுத்துவிடுங்கள். பிறகு பெட்டியின் பவர் பொத்தானைச் சில விநாடி அமுக்கிப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் தீர்ந்துவிடும். பெட்டியைப் படுக்க வைத்து, பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். எடுக்கிற திருகாணிகளை ஒரு டம்ளரில் போட்டு வையுங்கள். (எவர்சில்வர் தட்டில் வைத்தால் உருண்டு ஓடும்!)

அடுத்தது நம்முடைய உடம்பு. மாடிப் பெண் சொன்னாள்: "கம்பெனியில கையில வளையல் மாதிரி ஒரு பட்டை கட்டி, ஒயரால எர்த்துல சேர்த்துக்கிட்டுத்தான் அக்கா பலகையைத் தொடுவோம்." காரணம், உடம்பில் தேங்குகிற ஸ்டாடிக் மின்சாரம். எங்கள் ஊர் சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரியில் காற்று வறண்டுபோய், நைலான் புடவையை மடிக்கும்போதே படபடவென்று பொரியும். நம் கையில் சுரீர் என்று உறைக்க ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். ஆனால் கார்டில் இருக்கும் சில்லுகளுக்கு நமக்குத் தெரியாத அளவே போதும், கெட்டுப்போகும். ஆகவே பருத்திப் புடவையோ பருத்தி நைட்டியோ உடுத்திக்கொள்ளுங்கள். கம்பளம், பிளாஸ்டிக் பாய்மேல் உட்காராமல் மர மேஜையில் வேலை செய்யுங்கள். வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வையுங்கள். கார்டைத் தொடுமுன், பெயின்ட் இல்லாத இடமாகப் பார்த்துப் பெட்டியின் இரும்பை ஒரு தரம் தொடுங்கள். நடுநடுவேயும் தொட்டுக்கொள்ளுங்கள். பிறகு கார்டை அதன் கவரிலிருந்து எடுத்து, ஓரங்களை மட்டும் பிடியுங்கள். தங்கநிறப் பற்களில் விரல் படக் கூடாது.

பெட்டியின் பின்புறம், எந்த ஸ்லாட்டில் போடுகிறோமோ அதற்கு நேராக இருக்கும் தகட்டை மட்டும் எடுங்கள். கார்டை ஸ்லாட்டுக்கு நேராக வைத்து, சாய்க்காமல், இரண்டு பக்கமும் சமமாக அமுக்குங்கள். இட்லித் தட்டைக் கம்பியில் இறக்குவது போலத்தான். ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால் சிக்கிக்கொள்ளும். தங்கநிறப் பற்கள் முழுவதும் உள்ளே மறைந்துவிட வேண்டும். பிறகு தகட்டைத் திருகாணியால் இறுக்குங்கள். நீள ஸ்லாட்டின் கோடியில் ஒரு சின்னக் கொக்கி உண்டு. 'டக்' என்று சத்தம் கேட்டால் அது பிடித்துவிட்டது. பின்னொரு நாள் கார்டை எடுக்கும்போது அந்தக் கொக்கியை விலக்கிவிட்டுத்தான் இழுக்க வேண்டும்.

எனக்கு இவ்வளவுக்கும் இருபது நிமிஷம் ஆயிற்று. மூடியைப் போட்டு, ஒயர்களைச் செருகிக் கம்ப்யூட்டரைப் போட்டதும், புதுக் கார்டின் துளையில் பச்சை விளக்கு மினுக்கியது பாருங்கள், கார்த்திகை தீபம் மாதிரி இருந்தது எனக்கு! 19-ந் தேதி ராத்திரி இரண்டு பட்டறைக் கணக்கும் போய்ச் சேர்ந்தது.

செருகியும் வேலை செய்யாவிட்டால்?

எல்லாருக்கும் முதல் தடவையே விளக்கு எரிந்துவிடாது. அப்போது பதறாமல் வரிசையாகப் பார்க்க வேண்டும். குழந்தைக்கு முதன்முதலாகச் சாதம், பருப்பு, முட்டை என்று கொடுக்க ஆரம்பிக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? ஒரே நாளில் எல்லாவற்றையும் கொடுப்பதில்லை. ஒன்றைக் கொடுத்து இரண்டு மூன்று நாள் பார்ப்போம். அப்போதுதான் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியும். கம்ப்யூட்டருக்கும் அதே விதிதான். ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள்.

கார்டு போட்ட பிறகு கம்ப்யூட்டரே கிளம்பவில்லையா? அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கார்டை எடுத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். கிளம்பினால் கம்ப்யூட்டர் நலம். கார்டை வேறு ஸ்லாட்டில் போடுங்கள். அங்கே வேலை செய்தால் முதல் ஸ்லாட்டில்தான் தூசியோ கோளாறோ. எங்கேயும் வேலை செய்யாவிட்டால் இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் மௌனம் என்றால் கார்டுதான் குற்றவாளி; ரசீதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாம்.

கம்ப்யூட்டர் ஓடுகிறது, கார்டு மட்டும் தெரியவில்லையா? முதல் மருந்து, கார்டைக் கழற்றித் திரும்ப ஒழுங்காகச் செருகுவது. பெட்டியைத் தூக்கி இடம் மாற்றினாலே கார்டு லேசாக எழும்பிவிடும். வாடகை வீடு மாறியவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அடுத்தது டிரைவர் என்கிற சாப்ட்வேர். புதிய விண்டோஸ் பெரும்பாலான கார்டுகளைத் தானே அடையாளம் கண்டுகொள்ளும். இல்லாவிட்டால் கம்பெனியின் தளத்திலிருந்து இறக்க வேண்டும். நெட்டே இல்லாதபோது நெட் கார்டுக்கு எப்படி இறக்குவது? செல்போனை யு.எஸ்.பி. ஒயரில் இணைத்து, அதிலிருந்து நெட் கொடுத்து இறக்கிக்கொள்ளலாம்.

கிளம்பும்போது 'பீப் பீப்' என்று சத்தம் வருகிறதா? குக்கர் விசில் மாதிரி அதையும் எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை நீளம், எத்தனை குட்டை என்பதற்கு ஒவ்வொரு கம்பெனியும் ஓர் அர்த்தம் வைத்திருக்கிறது. மெக்கானிக்கிடம் அந்த எண்ணிக்கையைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில், பையன் அடம் பிடித்து விளையாட்டுக்காகக் கிராபிக்ஸ் கார்டு வாங்கினான். போட்டதும் திரை கறுப்பு! "பத்தாயிரம் ரூபா தண்டம்" என்று அந்த வீட்டு அக்கா அழாத குறை. போய்ப் பார்த்தால், திரையின் ஒயர் இன்னும் பழைய துளையிலேயே இருந்தது. புதுக் கார்டின் துளைக்கு மாற்றியதும் படம் வந்துவிட்டது. இதில் இன்னொரு விஷயமும் உண்டு. நீள ஸ்லாட் 75 வாட் மின்சாரம் வரைதான் தரும். அதற்கு மேல் சாப்பிடுகிற கார்டுகளுக்குத் தனி ஒயர் செருக வேண்டும். அந்த ஒயர் நம் பெட்டியில் இருக்கிறதா என்று கேட்ட பிறகே கார்டு வாங்க வேண்டும்.

தூசியும் பல்லியும்

எங்கள் பக்கம் செம்மண் தூசி, பட்டறைத் தூசி இரண்டும் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுவது நல்லது. காற்றாடியை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு சுத்தம் செய்யுங்கள். ஈரத்துணி கூடாது, வாக்குவம் கிளீனரும் வேண்டாம், ஸ்டாடிக் உண்டாகும். கார்டின் பற்களில் அழுக்குப் படிந்திருந்தால், மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பருத்தித் துணியில் தொட்டு லேசாகத் துடையுங்கள். பென்சில் ரப்பரால் தேய்ப்பவர்களும் உண்டு. தங்க முலாம் மெல்லியது, அழுத்தித் தேய்த்தால் போய்விடும். தேங்காய் எண்ணெயையும் மண்ணெண்ணெயையும் அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்!

கழற்றிய பின்தகடுகளைத் தூக்கி எறியாதீர்கள். கார்டு இல்லாத இடத்தில் தகடும் இல்லாவிட்டால் அந்தச் சந்து வழியாகக் கரப்பான், பல்லி எல்லாம் கதகதப்புக்குக் குடிவந்துவிடும். பல்லி விழுந்த பலன் பஞ்சாங்கத்தில் இருக்கலாம். மதர்போர்டில் விழுந்தால் பலன் ஒன்றே ஒன்றுதான், செலவு!

இடி மழை வரும்போது பவர் பிளக்கை மட்டும் எடுத்தால் போதாது. நெட் ஒயரையும் பிடுங்குங்கள். மின்னலின் அதிர்ச்சி அந்த ஒயர் வழியாகவும் வரும். ஆனால் தலைக்கு மேல் இடி இடிக்கத் தொடங்கிய பிறகு ஒயரைத் தொடப் போகாதீர்கள். மேகம் கறுக்கும்போதே எடுத்து வைத்துவிட வேண்டும்.

தொடக் கூடாதது

தைரியம் வேண்டும், அசட்டுத் துணிச்சல் கூடாது. பெட்டியின் ஒரு மூலையில், பவர் ஒயர் செருகுகிற இடத்தில், எஸ்.எம்.பி.எஸ். என்று ஓர் இரும்பு டப்பா இருக்கும். அதை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். கருகிய வாடை வந்தாலோ, பொறி பறந்தாலோ, பெட்டியைத் தொட்டால் கையில் மின்சாரம் தெரிந்தாலோ, சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். குழந்தைகள் தவழுகிற வீட்டில் பெட்டியைத் திறந்துபோட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகவும் கூடாது. திருகாணி வாய்க்குள் போக ஒரு நொடி போதும்.

மெக்கானிக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர்களிடம் போகும்போது, "என்னமோ ஓடலைங்க" என்று நிற்காமல், "ஒயர் சரியாக இருக்கு, ரவுட்டர் சரியாக இருக்கு, இந்தத் துளையில்தான் விளக்கு எரியலை, கார்டு போட்டாப் போதுமா?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சே வேறு மாதிரி இருக்கும், பில்லும் வேறு மாதிரி இருக்கும். அந்த ஒரு கேள்வியைக் கேட்க எந்தப் பட்டமும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியைத் திறந்து, நிதானமாக ஒரு பார்வை பார்த்தால் போதும்.